காரிமங்கலத்தில் ஒரு காஷ்மீர்

ஆப்பிள் வைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். பாராட்டுகள். நேரமும் சரியான நேரம்தான். மாங்காய் ஏற்றிய டிராக்டர் கூழ் ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறது. பெங்களூரா விற்கிற விலை பறிகூலிக்கே கட்டவில்லை. கையில் போன் இருக்கிறது. அதில் ஒருவர் சிவப்பு ஆப்பிளைப் பிடித்துக்கொண்டு, "வெயில் பூமியிலும் ஆப்பிள், ஏக்கருக்கு லட்சக்கணக்கில் லாபம்" என்று சிரிக்கிறார். இந்த மனநிலையில் எடுத்த முடிவை ஆறப்போடக் கூடாது. சூட்டோடு சூடாக ரகத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

அதற்குத்தான் இந்த வழிகாட்டி. காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், நல்லம்பள்ளி என்று தருமபுரி மாவட்டத்தில் எந்த வட்டாரத்துக்கும் பொருந்தும். இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள். மீதியை இந்த வாரத்துக்குள் முடித்துவிடலாம்.

1. படத்தைப் பார்த்து ரகத்தை எடுங்கள்

கன்றின் கழுத்தில் கம்பி போட்டு ஒரு லேமினேட் அட்டை கட்டியிருப்பார்கள். அட்டையில் ஒரு ஆப்பிள் படம். படம் எவ்வளவு சிவப்போ அவ்வளவு நல்ல ரகம். வேறு எதையும் படிக்காதீர்கள்; பெரும்பாலும் வேறு எதுவும் எழுதியிருக்காது.

சிவப்பு என்றால் டெலிசியஸ் வகைதான். சத்யானந்த ஸ்டோக்ஸ் என்று பின்னாளில் பெயர் மாற்றிக்கொண்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் என்கிற அமெரிக்கர், 1910களில் சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் மலையில் கொண்டுபோய் நட்டு, இமாச்சலத்தின் பொருளாதாரத்தையே திருப்பிப் போட்ட வகை அது. அங்கே வந்தது இங்கே வராதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். காத்திருந்தால், அந்த மரத்துக்கு ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கடுங்குளிர் வேண்டும் என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொரு தகவலும் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் தோல் சிவக்கப் பகல் வெயில் மட்டும் போதாது, பழுக்கும் காலத்தில் இரவு குளிர வேண்டும். மே மாதத்துத் தருமபுரி இரவில் மின்விசிறி போட்டே தூக்கம் வராத நிலையில், உங்கள் மரத்துப் பழம் எந்த நிறத்தில் இருக்கும் என்பதை இப்போதே யோசித்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. குளிர் மணி நேரம் பற்றிக் கேட்காதீர்கள்

ஆனாலும் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். அதனால் விஷயம் என்ன என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தெரிந்தால்தான் அலட்சியப்படுத்த முடியும்.

ஆப்பிள் மரம் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குகிற ஜாதி. தூங்கப் போகும்போதே மொட்டுகளுக்குள் ஒரு பூட்டைப் போட்டுக்கொள்கிறது. வெளியே குளிர் 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் நேரத்தை அது மணிக்கணக்காகக் கூட்டிக்கொண்டே வருகிறது. கணக்கு நிறைந்தால் பூட்டு திறக்கும். ஒரே வாரத்தில் மரம் முழுக்கப் பூக்கும். நிறையாவிட்டால் அரைத் தூக்கம். கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை, நடுவில் வெறும் கம்பு, பிப்ரவரியில் நாலு பூ, ஜூனில் இரண்டு பூ.

இப்போது நம்ம ஊர்க் கணக்கைப் பாருங்கள். மார்கழியில் 16 டிகிரி வந்தாலே டீக்கடையில் மஃப்ளர் முளைக்கிறது. 7.2 டிகிரிக்குக் கீழே நமக்குக் கிடைக்கும் மணி நேரம் பூஜ்யம். "குறைந்த குளிர் போதும்" என்று விற்கப்படும் அன்னா ரகத்துக்கே 200 முதல் 300 மணி நேரம் வேண்டும். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றால், "குறைந்த குளிர் போதும்" என்பதை "குளிரே வேண்டாம்" என்று படிக்க வேண்டும். கன்று விற்பவர் ஏற்கெனவே அப்படித்தான் படித்துக் காட்டியிருப்பார்.

மனசாட்சி உறுத்தினால் ஐஸ் கட்டி வாங்கி வேரடியில் கொட்டுங்கள். குளிரைக் கணக்கெடுப்பது கிளையிலுள்ள மொட்டு, வேருக்கு அதில் வேலையில்லை. இருந்தாலும் மீன் வண்டிக்காரருக்கு ஒரு வியாபாரம் ஆகும்; பார்ப்பவர்களுக்கும் நீங்கள் விஞ்ஞான முறையில் விவசாயம் செய்வது தெரியும்.

3. வத்தல்மலையில் நிலம் இருந்தால் இன்னும் உசத்தி

மலை என்றால் குளிர், குளிர் என்றால் காஷ்மீர். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே காற்று மாறுவதை உணர்ந்திருப்பீர்கள். அந்த உணர்வு போதும், தெர்மாமீட்டர் வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி சொச்சம்தான் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நாம் பெரியவர்கள்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மலையில் ஏற்கெனவே என்ன விளைகிறது என்று திரும்பிப் பார்க்காதீர்கள். வத்தல்மலையில் காபி இருக்கிறது, மிளகு இருக்கிறது. இரண்டும் உறைபனி பட்டால் கருகிப்போகும் பயிர்கள். காபி நிம்மதியாகக் காய்க்கும் இடத்தில் டெலிசியஸ் ஆப்பிள் கேட்கும் குளிர் இருக்காது என்பதைக் காபிச் செடியே சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கம் போகாமல் நேராகக் குழி வெட்டும் இடத்துக்கு நடந்துவிடுங்கள்.

கொடைக்கானலில் வரவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. வருகிறது. அங்கே உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் மலைக்கென்றே கே.கே.எல்-1 என்று ஒரு ரகமும் கொடுத்திருக்கிறது. கொடைக்கானல் 7,000 அடி. வத்தல்மலை அதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே கே.கே.எல்-1 கன்றை அவசியம் வாங்கி வத்தல்மலையில் வையுங்கள். தமிழ்நாட்டு ரகம் தமிழ்நாட்டில் வராமல் எங்கே போகும்?

4. சாதனை விவசாயியின் கதையில் பாதியை மட்டும் கேளுங்கள்

இந்தப் படி முக்கியமானது. கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டும்.

இமாச்சலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் மாவட்டம் பனியாலா என்கிற கிராமம். அங்கே ஹரிமன் சர்மா என்ற விவசாயி. 1990களின் கடைசியில், தூக்கிப்போட்ட ஆப்பிள் விதையிலிருந்து முளைத்த ஒரு செடியைக் கவனித்து, வளர்த்து, ஒட்டுக்கட்டி, வெயில் அடிக்கும் தாழ்மலையிலும் காய்க்கும் ஒரு ரகத்தைக் கண்டெடுத்தார். அதுதான் ஹெச்.ஆர்.எம்.என்-99. தேசியப் புத்தாக்க நிறுவனம் அதை நாடெங்கும் கொண்டுபோனது. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லாம் உண்மை, மனிதர் மரியாதைக்குரியவர்.

நீங்கள் இந்தக் கதையிலிருந்து கோடையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். "அங்கேயும் 40 டிகிரிக்கு மேல் வெயில், இங்கேயும் வெயில்." அவ்வளவுதான். ஜனவரியை விட்டுவிடுங்கள். பனியாலாவும் தருமபுரியும் உயரத்தில் அதிக வித்தியாசம் இல்லாத இடங்கள். ஆனால் பிலாஸ்பூர் இருப்பது 31 டிகிரி வடக்கில், நாம் இருப்பது 12 டிகிரியில். அங்கே வெயிலில் வெந்த மண்ணே ஜனவரி ராத்திரியில் விறைக்கிறது. மரத்துக்கு அந்த விறைப்பு வேண்டும். வெயிலை அது பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். "வெப்பம் தாங்கும் ரகம்" என்று அட்டையில் போட்டிருப்பது சத்தியமான வார்த்தை. குளிர் இல்லாமையைத் தாங்குமா என்று அட்டை சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

தெலங்கானாவில் காய்த்ததே என்று ஆதாரம் காட்டுங்கள். காய்த்தது, பழைய ஆதிலாபாத் மாவட்டத்தில். அந்த மாநிலத்திலேயே குளிர்காலத்தில் அதிகம் நடுங்குகிற மூலை அது. அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டிவிட்டு மீதியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

நாடு முழுக்க இந்த ஒரு புள்ளியில்தான் ஆப்பிள் ஆசை தடுக்கி விழுகிறது. டெல்லி, பஞ்சாப் என்று வடக்கே "வெயில் பூமி" என்றால் கோடையில் கொளுத்தி, தையில் நடுங்கும் பூமி. நம்முடையது கோடையில் கொளுத்தி, தையில் இதமாக இருக்கும் பூமி. அந்த இதத்துக்காகத்தான் பெங்களூர்க்காரன் நம் பக்கம் நிலம் தேடி வருகிறான். ஆப்பிளுக்கு அது பிடிப்பதில்லை.

5. ஒரே ஒரு மரம் வையுங்கள்

அல்லது ஒரே ரகத்தில் நூறு மரம். இரண்டும் ஒன்றுதான்.

ஆப்பிள் தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வதில் தயக்கம் காட்டும் மரம். பக்கத்தில் வேறு ரகம் ஒன்று அதே சமயத்தில் பூத்திருக்க வேண்டும். நடுவில் தேனீ போய்வர வேண்டும். இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸ் பண்ணையில் உருவான அன்னாவுக்குப் பொருத்தமான ஜோடி டோர்செட் கோல்டன். அது பஹாமாஸ் தீவில் நாசாவ் நகரத்தில் ஒரு அம்மாள் வளர்த்த மரத்திலிருந்து வந்தது. ஆப்பிள் வரவே வராது என்று எழுதிவைத்த கடற்கரை ஊர் அது. குளிர்த் தேவையும் கொஞ்சம்தான், பூப்பதும் அன்னாவோடு சேர்ந்து.

இந்த டோர்செட் கோல்டனை உறுதியாக மறுத்துவிடுங்கள். காரணம் கேட்டால், பழம் மஞ்சள். மஞ்சள் ஆப்பிளை யார் வாங்குவார்கள்?

ஜோடி இல்லாமலேகூட அன்னா சில பூக்களைக் காயாக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் பூத்திருக்கும்போது பார்த்து, காலை பத்து மணிக்கு, தேனீக்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடியுங்கள். தக்காளிக்கு அடித்த மிச்சம் டேங்கில் இருக்குமே.

6. செலவில்லாத வழி வேண்டுமா?

தீபாவளிக்கு வந்த ஆப்பிளின் விதையை எடுத்து ஊன்றுங்கள். ஆப்பிள் விதை ஒவ்வொன்றும் ஒரு புதிய ரகம். தாய்ப் பழத்தின் ருசி அதில் வந்தே ஆகவேண்டும் என்று விதியில்லை. காய்க்க ஆறு வருடமோ பத்து வருடமோ ஆகலாம். ஹரிமன் சர்மாவின் மரமும் விதையில் முளைத்ததுதானே என்று நீங்கள் மடக்கலாம், நியாயம்தான். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தார்கள். விதையிலிருந்து ஆப்பிள் வளர்ப்பதை இதுவரை யாரும் தடை செய்யவில்லை.

7. நர்சரியில் நடந்துகொள்ள வேண்டிய முறை

மினி லாரியில் கன்று கொண்டுவந்து சந்தை முனையில் நிறுத்தியிருப்பவரிடம் வாங்குவது உத்தமம். நாளைக்கு அவர் அங்கே இருக்கமாட்டார் என்பதால் பின்னால் மனஸ்தாபம் வராது.

"அண்ணே, இது காஷ்மீர் கன்னா?" என்று ஆரம்பியுங்கள். பதிலை நீங்களே கொடுத்துவிட்டதால் அவருக்கு வேலை மிச்சம். "ஆமாங்க, நேத்துதான் வந்துச்சு" என்பார்.

பிறகு கன்றைத் தூக்கி, உயரத்தை மட்டும் பாருங்கள். கீழே பார்க்காதீர்கள். கீழே பார்த்தால், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு லேசாக வளைந்து, பட்டையில் சாய்வாக ஒரு தழும்பு தெரியும். சில கன்றுகளில் பழைய பாலிதீன் நாடாகூட இன்னும் அவிழ்க்காமல் தண்டுக்குள் பதிந்திருக்கும். ஒட்டுக்கட்டிய இடம் அது. அதற்கு மேலே இருப்பது நீங்கள் காசு கொடுத்த ரகம். கீழே இருப்பது வேர்ச்செடி, தனி ஜாதி. நடும்போது தழும்பு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்பார்கள். நீங்கள் ஆழமாகப் புதையுங்கள், காற்றுக்கு ஆடாமல் நிற்கும். தழும்புக்குக் கீழிருந்து ஒரு சிம்பு கிளம்பினால், மற்ற கிளைகளைவிட அது வேகமாக, செழிப்பாக வளரும். அதைக் கிள்ளவே கிள்ளாதீர்கள். மரம் பிழைத்துவிட்டது என்று வீட்டில் சொல்லி இனிப்பு கொடுங்கள். இரண்டு வருடத்தில் மேல் பாகம் காய்ந்து, காட்டு ஆப்பிள் ஒன்று உங்கள் தோட்டத்தில் ஜம்மென்று நிற்கும்.

வேர்ச்செடியின் பெயரைக் கேட்பவன் கன்று வாங்க வந்தவன் இல்லை, சண்டை போட வந்தவன். எம்.எம்.111 என்றால் கொஞ்சம் வறட்சி தாங்கும், எம்.9 என்றால் குட்டையாக நின்று தினமும் தண்ணீர் கேட்கும் என்பதெல்லாம் சிம்லாக்காரர்கள் பேசிக்கொள்ள வேண்டியது.

பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லாதீர்கள். வருடக்கணக்கில் பைக்குள்ளேயே சுருண்ட வேரைப் பார்ப்பது அமங்கலம்.

8. முள் இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்

விற்பவர் கொடுத்த கன்றில் முள் இருந்து, இலையின் அடிப்புறம் வெள்ளையாக இருந்தால், உங்களுக்கு வந்திருப்பது ஆப்பிள் இலந்தை. சொல்லாதீர்கள், அப்படியே வையுங்கள். நட்ட அடுத்த வருடமே காய்க்கும், வறட்சி தாங்கும், குளிர் கேட்காது, கிளை ஒடியக் காய்க்கும். இந்தக் கட்டுரையில் வரும் வாடிக்கையாளர்களிலேயே ஏமாற்றப்பட்டு லாபம் பார்த்தவர் இப்படி இலந்தை வாங்கியவர் ஒருவர்தான்.

9. மாமரத்தை வெட்டுங்கள்

ஒரு ஓரத்தில் இரண்டு கன்று வைத்து நாலு வருடம் பார்ப்பது கோழைகள் செய்கிற காரியம். முப்பது வருடத்து மாந்தோப்பை மொத்தமாக வெட்டுங்கள். விறகு விலை பேசும்போது மட்டும் கொஞ்சம் வயிறு எரியும். அப்போது போன தடவை ஆலைக்காரர் சொன்ன விலையை நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

இங்கே ஒரு வார்த்தை. உங்களை யாரும் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. கூழ் ஆலை சொல்வதுதான் விலை, அழுகுவதற்குள் விற்றாக வேண்டும், பாலக்கோடு மண்டியில் தக்காளி ஒரு மாதம் தங்கம், அடுத்த மாதம் ரோட்டோரக் குப்பை. இப்படி விலையைப் பார்த்துப் பார்த்து நொந்தவனுக்கு, பெட்டிக்குள் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, எண்ணி விற்கிற ஒரு பழத்தின் மேல் ஆசை வராமல் இருக்குமா? அந்த ஆசையைத்தான் மினி லாரிக்காரர் முதலீடாகப் போட்டிருக்கிறார். சரி, அடுத்த படிக்குப் போவோம்.

10. சித்திரையில் நடுங்கள்

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம் சிறந்தது. குழியில் புதிய சாணத்தை மக்காமல் போடுங்கள். தண்ணீரை ஆயிரம் அடி போரிலிருந்து எடுத்துத் தண்டு மூழ்கத் தேக்கி நிறுத்துங்கள். நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகத்தானே நமக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. உங்களுக்கு ஆகாத தண்ணீர் ஆப்பிளுக்கு ஆகும். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தால் ரிசல்ட் வந்துவிடும். ஆகவே கொடுக்காதீர்கள்.

11. ஜாவாக்காரன் சொல்வதைக் கேட்காதீர்கள்

குளிரே இல்லாமல் ஆப்பிள் எடுக்க ஒரு வழி நிஜமாகவே இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் மலாங் நகருக்குப் பக்கத்தில் பத்து என்று ஒரு மலையூர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே எட்டு டிகிரி. அங்கே குளிர்காலமே கிடையாது. ஆனால் பல பத்தாண்டுகளாக அங்கே ஆப்பிள் விளைகிறது. வருடத்துக்கு இரண்டு அறுவடைகூட எடுத்தார்கள். ரகங்கள் ரோம் பியூட்டி, மனலாகி, அன்னா. அறுவடை முடிந்த சில வாரங்களில், மொட்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதற்கு முன்பே, மரத்திலுள்ள இலைகளை ஒன்று விடாமல் கையால் உருவிவிடுவார்கள். கிளைகளைப் படுக்கவாட்டில் வளைத்துக் கட்டுவார்கள். இலை போன மரம் தூங்குவதற்குப் பதிலாகப் பூத்துவிடுகிறது. பூட்டுப் போடுவதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுகிற வேலை.

இதைக் கேள்விப்பட்டால் சிரித்துவிடுங்கள். பச்சை மரத்து இலையை உருவினால் ஊர் என்ன சொல்லும்? கூலியும் ஒரு கணக்குதான். உருவ ஆள் கிடைப்பது வேறு கணக்கு. இத்தனைக்கும் பத்து என்கிற அந்த ஊர் மேட்டூர் அணை மட்டத்தில் இல்லை. நம் வத்தல்மலை உயரத்துக்குக் கிட்ட உள்ள ஊர். அங்கேயே இப்போது வெப்பம் கூடி, செலவு கூடி, ஆப்பிள் தோட்டங்கள் குறைந்துகொண்டு வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லி, பேச்சை முடித்துவிடுங்கள்.

12. முதல் பூ, முதல் ஸ்டேட்டஸ்

மூன்றாம் வருடம் ஒரு கொத்துப் பூ வரும். வெள்ளையில் லேசான ரோஸ் நிறம் படிந்து அழகாகவே இருக்கும். இதுதான் உங்கள் மகசூலின் உச்சம், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் இரண்டு பிஞ்சு நின்றால் உடனே செய்தியாளருக்குச் சொல்லிவிடுங்கள். அது பழுக்கும் வரை காத்திருக்கக் கூடாது, அணில் காத்திருக்காது. புகைப்படத்தில் நீங்கள் கிளையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், மரத்தின் மீதிப் பகுதி படத்தில் விழக் கூடாது.

செய்தி வந்த மறுநாள் போன் வர ஆரம்பிக்கும். ஒருவரும் பழம் கேட்கமாட்டார், கன்று கேட்பார்கள். இந்த இடத்தில்தான் நீங்கள் ஆப்பிளில் சம்பாதிக்கத் தொடங்குகிறீர்கள். ஒரு ஷேட் நெட் போடுங்கள், பையில் மண் அடையுங்கள், லேமினேட் அட்டைக்கு ஆர்டர் கொடுங்கள். சமவெளியில் ஆப்பிள் போட்டு வீடு கட்டியவர் யாரென்று விசாரித்துப் பாருங்கள். அவர் விற்றது கன்றாகத்தான் இருக்கும்.

13. ஆலோசனை கேட்க வேண்டிய நேரம்

எல்லாம் காய்ந்த பிறகு. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஒவ்வொரு வட்டாரத்திலும் தோட்டக்கலை அலுவலகம் இருக்கிறது. நடுவதற்கு முன்னால் போய்விடாதீர்கள். முன்னால் போனால் நெல்லி வை, சீத்தா வை, கொய்யா வை, புளி வை என்று உற்சாகமே இல்லாத மரங்களாகச் சொல்வார்கள். பவானிசாகரிலிருந்து வந்த பி.எஸ்.ஆர்-1 நெல்லி, மானாவாரியிலும் தாக்குப்பிடிக்கிற மரம். சீத்தாவோ நம் கரட்டில் யாரும் வைக்காமலே காய்க்கிறது. அதியமான் காலத்திலிருந்து இந்தத் தகடூர் மண்ணுக்குப் பேர் வாங்கித் தந்த கனி நெல்லிதான் என்றாலும், நெல்லிக்காயைக் கன்னத்தோடு பிடித்துப் படம் எடுத்தால் எந்தப் பேப்பரில் போடுவார்கள்?

14. செய்யவே கூடாதவை

இதுவரை சொன்னதையெல்லாம் மீறி, நிஜமாகவே நாலு ஆப்பிள் சாப்பிட்டாக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜாக்கிரதையாக இருக்கலாம்.

வீட்டுப் பின்புறத்தில், மேற்கு வெயிலைச் சுவரோ மரமோ மறைக்கிற இடத்தில், இரண்டே கன்று வைக்கிறார்கள்: ஒரு அன்னா, ஒரு டோர்செட் கோல்டன். முடிந்தால் மூன்றாவதாக ஹெச்.ஆர்.எம்.என்-99. ஒட்டுக்கட்டிய இடம் தெரிகிற, பெயரும் ரசீதும் தருகிற இடத்தில் வாங்குகிறார்கள். மழைக்காலத்துக்குப் பின் நடுகிறார்கள். ஒட்டுக்குக் கீழ் வரும் சிம்பை வாராவாரம் கிள்ளுகிறார்கள். அடியில் சருகு மூடாக்குப் போடுகிறார்கள். தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வெயில் வெடிப்பைத் தடுக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் தண்ணீரைக் குறைத்து, இலையை உருவி, கிளையை வளைத்துக் கட்டி, பூவுக்குக் காத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் வந்த பிஞ்சைக் கல்நெஞ்சோடு கிள்ளி எறிகிறார்கள்.

கிடைப்பது என்ன தெரியுமா? சில வருடம் ஒன்றும் இல்லை. சில வருடம் கோடையில், எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறின மஞ்சளில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு ஓடிய ஒரு கூடைப் பழம். பறித்த அன்று கடித்தால் மொறுமொறுவென்று புளிப்பும் இனிப்புமாக இருக்கும். வெளியில் வைத்தால் ஒரு வாரத்தில் மாவாகிவிடும். லாரி ஏறாது, மண்டிக்குப் போகாது. பேரப்பிள்ளைகள் மரத்தடியிலேயே தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். வருமானம் பூஜ்யம்; மாந்தோப்பு வேறு வெட்டப்படாமல் அப்படியே நிற்கும்.

15. குழியை மூடாதீர்கள்

ஆப்பிள் போன இடத்தில் அடுத்த வைகாசிக்கு லிச்சி வருகிறது. மினி லாரிக்காரர் இப்போதே முன்பதிவு வாங்குகிறார். லிச்சியும் குளிர்காலம் இல்லாத ஊரில் ஒழுங்காகப் பூக்காது. பிஹாரில் முசாஃபர்பூரில் நன்றாக வருகிறது, அங்கேயும் நல்ல வெயில்தான். போன் நம்பர் லாரியின் பின்னாலேயே எழுதியிருக்கும்.